டாக்டர் அங்கே, கத்தி இங்கே

டெலிபோன் பிறந்து நாலு வயசுகூட ஆகவில்லை, அதற்குள் டாக்டர்கள் அதை வைத்துத் தூங்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 1879-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. நடு ராத்திரி. கைக்குழந்தைக்கு இருமல். மூச்சுக்குழல் வீங்கி, குரைக்கிற ஓசையோடு இருமல் வரும் ‘க்ரூப்’ நோயாக இருக்குமோ என்று வீட்டில் கலக்கம். குடும்ப டாக்டருக்கு போன் போகிறது. அவர் குதிரை வண்டியைப் பூட்டச் சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கி போனுக்கு முன்னால் காட்டச் சொன்னார். குழந்தையும் பொறுப்பாக, கேட்ட நேரத்தில் இருமியது. இது க்ரூப் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டாக்டர் படுக்கப் போனார்.

தொலை மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை மிகுந்த மரியாதையோடு குறிப்பிடுவார்கள். புகழெல்லாம் டாக்டரின் காதுக்கும் கிரகாம் பெல்லின் கம்பிக்கும். நடு ராத்திரியில் அழுகிற குழந்தையைச் சுவரில் மாட்டிய பெட்டி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருமு ராஜா இருமு என்று கெஞ்சியவரைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. அன்றிலிருந்து இன்றுவரை இதுதான் வழக்கம். கம்பியின் ஒரு முனையில் நிபுணர், அவருக்குப் பெயர், பதக்கம், சிலை. மறுமுனையில் ஒரு ஆள். அவர் தூக்குவார், மிதிப்பார், அறுப்பார், திட்டும் வாங்குவார். இந்தக் கதையை ஒரு தடவையாவது அந்த ஆள் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்ப்போம்.

முதல் ஆள் ஒரு நாய்.

மனித இதயத்தின் மின்னோட்டத்தை உடம்பின் வெளியிலிருந்தே முதன்முதலில் பதிவு செய்தவர் லண்டனைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர், 1887-இல். அவர் ஜிம்மி என்று ஒரு புல்டாக் வளர்த்தார். கனவான்கள் கூடும் சபைகளில் ஜிம்மி உப்புத் தண்ணீர் ஜாடிகளில் காலை விட்டு நிற்கும். அதன் இதயத் துடிப்பைக் கருவி காட்டும். கனவான்கள் கை தட்டுவார்கள். 1909-இல் இது மிருகவதை இல்லையா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே ஒருவர் கேட்டுவிட்டார். அந்தத் தண்ணீரில் இருந்தது சாப்பாட்டு உப்புதான், கடற்கரையில் கால் நனைத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்திருக்கும் என்று உள்துறை அமைச்சர் எழுந்து விளக்கம் தர வேண்டியிருந்தது. இதயவியல் வரலாற்றில் சக பரிசோதனையாளர் ஒருவரின் பணிச்சூழல் பற்றி அவையில் கேள்வி எழுந்ததற்கு ஜிம்மியை விட்டால் எனக்கு வேறு உதாரணம் நினைவுக்கு வரவில்லை. மனிதர்களுக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை.

வாலரின் செயல்விளக்கத்தை 1889-இல் பார்த்தவர்களில் வில்லெம் ஐந்தோவன் ஒருவர். ஜாவாத் தீவின் செமராங்கில் பிறந்த டச்சுக்காரர், லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். வாலரின் கருவி போதாது என்று சொந்தமாக ஒன்று செய்யக் கிளம்பினார். அதற்குக் கண்ணுக்கே புலப்படாத மெல்லிய குவார்ட்ஸ் இழை வேண்டும். குவார்ட்ஸை உருக்கி, அம்பின் பின்னால் ஒட்டி, வில்லில் பூட்டி எய்தால், அம்பு போகிற வேகத்தில் இழை நீண்டுகொண்டே போகும். வில்லை வளைத்து சீதையைப் பெற்றவர் கதை நமக்குத் தெரியும். வில்லை வளைத்து ஈ.சி.ஜி. பெற்றவர் இவர்.

இழைதான் மெல்லியது. அதைச் சுற்றிய மற்ற சாமான்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்க ஐந்து பேர் வேண்டும். காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி கையையும் காலையும் உப்புத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும் (ஜிம்மி வகுத்த நெறி). இப்போது சிக்கல் என்னவென்றால், கருவி இருந்தது ஆய்வுக்கூடத்தில், நோயாளிகள் இருந்தது ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரியில். இதயம் நின்றுபோகும் நிலையில் இருப்பவரை இழுத்து வர முடியாது. கருவியை நகர்த்தினால் இழுப்பவரின் இதயம் நின்றுபோகும். ஆகவே நடுவில் கம்பி இழுத்தார்கள்.

1905 மார்ச் 22. உலகின் முதல் ‘டெலிகார்டியோகிராம்’. சோதனைக்கு ஆரோக்கியமான, வாட்டசாட்டமான ஒரு ஆளைப் பிடித்தார்கள். அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அங்கே போய் உட்கார்ந்ததும் அவருடைய இதயத் துடிப்பு கம்பி வழியாகப் புறப்பட்டு, அவர் கிளம்பி வந்த அதே ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்தது. பதிவில் அலைகள் வழக்கத்தைவிட உயரமாக எழும்பியிருந்தன. காரணம், வேகமாக சைக்கிள் மிதித்து வந்ததுதான் என்று கண்டுபிடித்தார்கள். தொலை இதயவியல் உலகத்துக்குச் சொன்ன முதல் சேதி இதுதான்: ஆள் சைக்கிளில் வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் நின்றிருந்தால் கம்பி இல்லாமலே தெரிந்திருக்கும்.

1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு வந்தது. அதில் பாதிப் பணத்தை, அதற்குள் காலமாகிவிட்ட தன் உதவியாளரின் ஏழைச் சகோதரிகளைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். மறுமுனை ஆளை நினைத்துப் பார்த்த அபூர்வ மனிதர். சைக்கிள்காரருக்கு மட்டும் ஒரு ட்யூப், டயர் செலவாவது கொடுத்திருக்கலாம்.

அடுத்த காட்சியில் சிரிப்புக்குக் கொஞ்சம் இடைவேளை.

நம் ஊரில் ஒரு காலத்தில் தந்தி வந்தாலே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும்; பிரித்துப் படிப்பதெல்லாம் பிறகுதான். 1917-இல் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில், ஹால்ஸ் க்ரீக் என்ற குக்கிராமத்தில், தந்தி அறுவை சிகிச்சை செய்தது. ஜிம்மி டார்சி என்ற மாடு மேய்க்கும் இளைஞர் குதிரையிலிருந்து விழுந்து உள்காயம் பட்டுவிட்டார். (இந்தத் துறைக்கும் ஜிம்மிகளுக்கும் என்னதான் உறவோ.) கூட இருந்தவர்கள் வண்டியில் போட்டு அரைநாள் இழுத்துக்கொண்டு ஹால்ஸ் க்ரீக் வந்தால், அங்கே டாக்டர் இல்லை. இருந்தவர் போஸ்ட்மாஸ்டர் ஃப்ரெட் டக்கெட். எப்போதோ முதலுதவி வகுப்புக்குப் போயிருந்தார். அந்த ஊர்க் கணக்கில் அவர்தான் மருத்துவக் கல்லூரி.

டக்கெட் பக்கத்து ஊர்களுக்குத் தந்தி அடித்துப் பார்த்தார், டாக்டர் அகப்படவில்லை. கடைசியில் பெர்த் நகருக்கு அடித்தார். தந்திக் கம்பி வழியில் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே டாக்டர் ஜான் ஹாலண்ட். டக்கெட்டுக்கு அந்த முதலுதவி வகுப்பை எடுத்த வாத்தியாரே அவர்தான். கட், கட கட, கட் என்று மோர்ஸ் மொழியில் நோய்க்குறிகள் போயின. சிறுநீர்ப்பை கிழிந்திருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்று பதில் வந்தது.

யார் அறுப்பது? நீங்கள்தான்.

கருவி இல்லையே? பேனாக்கத்தி இருக்குமே, சவரக் கத்தி இருக்குமே.

மருந்து? பொட்டாசியம் பெர்மாங்கனேட்.

ஆள் செத்துப்போனால்? நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் அதற்கு முன்பே செத்துப்போவார்.

போஸ்ட்மாஸ்டர் பேனாக்கத்தியை எடுத்தார். டார்சியை மேஜையில் கட்டிப்போட்டு, மயக்க மருந்து எதுவும் இல்லாமல், பெர்த்திலிருந்து சொல் சொல்லாக வந்த கட்டளைப்படி மணிக்கணக்காக அறுத்தார். அது சரியாகவும் முடிந்தது. ஆனாலும் பிறகு மறுபடி ஒரு அறுவை வேண்டியிருந்தது. இதற்குள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளெல்லாம் டார்சியின் உடல்நிலையைத் தினமும் அச்சடித்துக்கொண்டிருந்தன. இனிமேலும் கம்பியில் வைத்தியம் பார்ப்பது சரியில்லை என்று ஹாலண்டே கிளம்பினார். மாடு ஏற்றும் கப்பல், அப்புறம் வழியெல்லாம் மக்கர் செய்த ஃபோர்டு கார், அப்புறம் குதிரை வண்டி. பல நாள் பயணத்துக்குப் பிறகு அவர் ஹால்ஸ் க்ரீக் வந்து இறங்கியபோது, டார்சி முந்தின நாள்தான் இறந்திருந்தார். பரிசோதித்துப் பார்த்ததில் போஸ்ட்மாஸ்டரின் அறுவையில் குற்றமில்லை. ஆளைக் கொண்டுபோனதில் யாரும் கேட்காமல் விட்ட மலேரியாவுக்குப் பங்கு இருந்தது. கேட்ட கேள்விக்குத்தான் கம்பி பதில் சொல்லும். கேட்காமல் விட்டதைக் கண்டுபிடிக்க நோயாளி பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்; பேனாக்கத்தியும் கையுமாக இருந்த டக்கெட்டை அதற்கும் பொறுப்பாக்கினால் அநியாயம்.

இந்தச் சாவை மறக்க முடியாதவர் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார். டாக்டரை விமானத்தில் அனுப்பினால் என்ன என்று பத்து வருடம் எல்லாரையும் நச்சரித்தார். 1928 மே மாதம் க்ளோன்கர்ரி என்ற ஊரிலிருந்து குவாண்டாஸ் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த விமானத்தில் பறக்கும் டாக்டர் புறப்பட்டார். டாக்டர் பறக்கலாம், சரி. அவரைக் கூப்பிடுவது எப்படி? பண்ணை வீடுகளில் மின்சாரம் கிடையாது. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் டிரேகர் 1929-இல் விடை கண்டுபிடித்தார். ரேடியோவுக்கு வேண்டிய மின்சாரத்தைக் கையால் சுற்றினால் தந்தி அடிக்கக் கை மிச்சமிருக்காது, இன்னொரு ஆள் வேண்டும். ஆகவே, காலால் மிதி. லெய்டனில் விட்ட சைக்கிள் திரும்ப வந்துவிட்டது, இந்த முறை சக்கரம் இல்லாமல்.

மிதித்தவர்களில் பெரும்பாலோர் பண்ணை வீட்டுப் பெண்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் 104 அடிக்கிறது, அம்மா மேஜைக்கடியில் பெடல் மிதித்துக்கொண்டே மேலே மோர்ஸ் அடிக்கிறாள். மோர்ஸ் எல்லாருக்கும் வரவில்லை என்று தெரிந்ததும் டிரேகர் டைப்ரைட்டர் மாதிரி ஒரு விசைப்பலகை செய்து கொடுத்தார். பிறகு குரலிலேயே பேச வழி வந்தது, அதோடு அந்தரங்கமும் போனது. எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. ஒரு பண்ணையில் மூத்தவருக்கு மூலம் என்றால் சுற்றுவட்டாரம் 300 மைலுக்கும் தெரியும். ஆளுக்கொரு கைவைத்தியமும் சொல்வார்கள். நோயாளித் தகவல் பாதுகாப்பு பற்றி இன்றைக்கு ஐம்பது பக்கத்துக்கு விதிமுறை எழுதுகிறவர்கள், ஒரு கண்டமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வைத்தியம் பார்த்த அந்தக் காலத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கும் ஒரு ஏற்பாடு 1942-இல் வந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரே மாதிரி மருந்துப் பெட்டி, மருந்துகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். டாக்டர் ரேடியோவில் எண்ணைச் சொன்னால் போதும். ஒன்பதாம் நம்பர் கொடு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பெட்டியில் ஒன்பது தீர்ந்துவிட்டது, அதனால் ஒரு ஐந்தும் ஒரு நாலும் கலந்து கொடுத்தார்கள் என்று அங்கே ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, மறுமுனை ஆளின் கணக்கில் பிழையில்லை.

இதற்கு நேர் எதிரான சம்பவம் ஒன்று உண்டு. 1961 ஏப்ரலில் அண்டார்க்டிகாவில், சோவியத் முகாமின் ஒரே டாக்டர் லியோனித் ரோகசோவுக்குக் குடல்வால் அழற்சி. நிபுணர் இருக்கிறார், ஆனால் அவரே நோயாளி. தன் வயிற்றைத் தானே கிழித்துக் குடல்வாலை எடுத்தார். உலகம் அவரை மட்டும் கொண்டாடுகிறது. கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் ஒரு வானிலை ஆய்வாளர். கண்ணாடியையும் விளக்கையும் பிடித்தவர் ஒரு மெக்கானிக். இந்த இரண்டு பேரில் யாராவது மயங்கி விழுந்தால் பிடித்துக்கொள்ள முகாமின் தலைவர் தயாராக நின்றார். கண்ணாடி பிடித்தவர் தும்மியிருந்தால் வரலாறு வேறு.

அமெரிக்காவில் இந்தத் துறையின் ஒரு முக்கிய முயற்சிக்குக் காரணம் பாலைவனமோ பனியோ இல்லை, டிராஃபிக் ஜாம். பாஸ்டனின் லோகன் விமான நிலையத்துக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கும் நடுவில் நாலு கிலோமீட்டர் சொச்சம்தான். நடுவில் கடலடிச் சுரங்கப்பாதை. நெரிசல் நேரத்தில் அதற்குள் மாட்டிக்கொண்ட டாக்டர் பறக்கும் டாக்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். கென்னத் பேர்ட் என்ற டாக்டர் 1968-இல் இரண்டு இடத்துக்கும் மைக்ரோவேவ் இணைப்புக் கொடுத்து, கறுப்பு வெள்ளை டி.வி.யில் நோயாளியைப் பார்த்தார். விமான நிலையத்தில் நர்சுகள் இருந்தார்கள். ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைப்பது, கேமராவைத் திருப்புவது, பதறுகிற பயணியை சமாதானப்படுத்துவது எல்லாம் அவர்கள். டாக்டர் டி.வி. பார்த்தார்.

இடையில் மொன்டானாவின் நார்மன் ஹோல்டருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்வோம். 1940-களின் கடைசியில் 38 கிலோ கருவியை முதுகில் கட்டிக்கொண்டு, நகராத சைக்கிளில் மிதித்தபடி, தன் இதயத் துடிப்பை ரேடியோவில் அனுப்பியவர். மறுபடியும் சைக்கிள்! அந்த 38 கிலோதான் சுருங்கிச் சுருங்கி, 2018-இல் ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரமாகக் கடைக்கு வந்தது. இப்போது அது மிதிக்கச் சொல்வதில்லை. எழுந்து நட, நட என்று உயிரை வாங்குகிறது.

2001 செப்டம்பர் 7. நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு ஜாக் மாரெஸ்கோ என்ற பிரெஞ்சு அறுவை நிபுணர், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த 68 வயது அம்மாவின் பித்தப்பையை ரோபோ கை வழியாக அகற்றினார். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் ஒளியிழை. அவர் கையசைத்தது அங்கே நடந்து, அதன் படம் திரும்பி வந்து சேர சுமார் 155 மில்லி செகண்ட். ‘லிண்ட்பெர்க் ஆபரேஷன்’ என்று பெயர் வைத்தார்கள், ஒண்டியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானியின் நினைவாக. ஆனால் இங்கே ஒண்டியாக யாரும் இல்லை. வயிற்றில் துளை போட்டுக் கருவியைச் செருகியது ஸ்ட்ராஸ்பர்க் டாக்டர்கள். இணைப்பு அறுந்தால் வேலையைத் தொடர ஆயத்தமாக நின்றதும் அவர்களே. பித்தப்பை எடுக்கத் தெரிந்த ஒரு குழு நோயாளியைச் சுற்றி நிற்க, அவர்களை நிற்க வைத்துவிட்டு ஒருவர் நியூயார்க்கிலிருந்து எடுத்தார். நாலு நாள் கழித்து அதே நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. பித்தப்பைச் செய்தியை யாரும் படிக்கவில்லை.

நம் பக்கத்துக்கு இந்தக் கதை பில் கிளிண்டனோடு வந்து இறங்கியது. 2000 மார்ச்சில் ஆந்திரத்தின் அரகொண்டாவில் அப்போலோவின் தொலை மருத்துவ மையத்தைத் தொடங்கி வைத்தவர் அவர். அப்போலோவை நிறுவிய பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர் அது. செயற்கைக்கோள், வட்டத் தட்டு, நகரத்து நிபுணர், எல்லாம் கச்சிதம். தொடர்ந்து நாட்டில் பல இடங்களில் தொலை மருத்துவ அறைகள் ரிப்பன் வெட்டித் திறக்கப்பட்டன. ரிப்பன் வெட்டியவர் போன பிறகு அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதுதான் எப்போதும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் தேனியில் இருந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் கிராமங்களில் ‘விஷன் சென்டர்’ திறந்தபோது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து, வீட்டுக்குள்ளேயே ஒழுங்காக எட்டாத வைஃபையைக் கிலோமீட்டர் கணக்கில் ஊர்விட்டு ஊர் பாய்ச்சிக் காட்டினார்கள். பத்திரிகைகள் ஆண்டெனாவைப் படம் பிடித்தன. என்னைக் கேட்டால் அதிசயம் ஆண்டெனாவில் இல்லை. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி, கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைக்கிறது. விஷன் சென்டரில் நோயாளியை உட்கார வைத்து, பார்வை சோதித்து, கருவியில் கண்ணைப் பார்த்து, படம் எடுத்து, கோப்பு முழுவதையும் தயார் செய்வது அந்தப் பெண்தான். திரையில் டாக்டர் வரும்போது முக்கால் வேலை முடிந்திருக்கும். ‘சிஸ்டர் என்ன சொல்லுது?’ என்று கேட்டுவிட்டுத்தான் பெரியவர் டாக்டர் சொன்னதை நம்புவார். மற்றவர்கள் டாக்டரில் தொடங்கிக் கம்பியை நீட்டிக்கொண்டு போனார்கள். இவர்கள் மறுமுனையில் தொடங்கினார்கள்.

அப்புறம் கொரோனா. நாடு முழுவதும் கதவைச் சாத்திய 2020 மார்ச் 25 அன்றுதான், போனில் வைத்தியம் பார்ப்பது எப்படி என்ற வழிகாட்டு நெறிமுறை இந்தியாவில் வெளிவந்தது. அதுவரை டாக்டர்கள் வாட்ஸாப்பில் மருந்து எழுதியது சட்டத்துக்கும் சட்ட மீறலுக்கும் நடுவிலுள்ள வாய்க்கால் வரப்பில். அரசின் ‘இ-சஞ்சீவனி’யில் 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகள் முடிந்தன. அவற்றில் பெரும்பங்கு, கிராமத்து நலவாழ்வு மையத்தில் ஒரு சுகாதார ஊழியர் நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்ட அழைப்புகள்.

அந்த நெறிமுறையில் எனக்குப் பிடித்த பகுதி, நோயாளிக்காகப் பேசுகிற பராமரிப்பாளர் பற்றியது. குழந்தையைத் தூக்கிப் பிடித்தவர் காலத்திலிருந்து பெயரில்லாமல் நின்றவருக்கு, ஒருவழியாகத் தனித் தலைப்பே கொடுத்துவிட்டார்கள். சம்பளம் இல்லை, நிபந்தனை உண்டு. பாட்டி பக்கத்தில் இல்லாமல் பாட்டிக்காகப் பேரன் டாக்டரிடம் பேச வேண்டுமானால், முறையான அங்கீகாரமோ உறவை நிரூபிக்கும் ஆவணமோ வேண்டும்; அல்லது முன்பு நேரில் வந்தபோது பாட்டி அவனை டாக்டரிடம் அடையாளம் காட்டியிருக்க வேண்டும். பாட்டிகள் இதற்கெல்லாம் அசருகிறவர்கள் இல்லை. ரேஷன் கார்டைத் தேடிப் பேரன் பீரோவைக் கலைத்துக்கொண்டிருக்க, போனைப் பிடுங்கி வாக்குமூலம் கொடுத்துவிடுவார்கள்: “மூத்தவ வயித்துப் பேரன்தான் டாக்டரய்யா, நான் சாட்சி. படிச்ச புள்ள. ஆனா நாக்கைக் காட்டச் சொன்னா போனைத் திருப்பி ஃபேனைக் காட்டுவான், அதை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கணும்.”